மொரீஷியஸுக்கு உறவினர் வருகிறார்கள்: பாதுகாப்பு பற்றிச் சில கேள்விகள்

தைப்பூசம் நெருங்கினால் தமிழ்நாட்டிலிருந்தும் பக்கத்து ரியூனியன் தீவிலிருந்தும் தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்தும் நம் வீடுகளுக்கு உறவினர் வந்து இறங்குவார்கள். கூடவே பயமும் வரும். பதினெட்டு வருடமாகப் பயணிகளைத் தீவு முழுக்க அழைத்துப் போகிறவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

என் தங்கை மகள் தேனிலவுக்கு இங்கே வரப்போகிறாள். 2011-இல் ஓட்டல் அறையில் ஒரு புதுமணப்பெண் கொல்லப்பட்ட செய்தியை யாரோ மாப்பிள்ளைக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் தயங்குகிறார். என்ன சொல்வது?
*– வாசகி, காத்ர் போர்ன்*

மறைக்காமல் சொல்லுங்கள். 2011 ஜனவரியில் அயர்லாந்திலிருந்து வந்த அந்தப் பெண் கொல்லப்பட்டது உண்மை. வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட இரண்டு பேரை 2012-இல் ஜூரி விடுவித்தது. அந்தக் கொலைக்காக ஒருவரும் தண்டனை பெறவில்லை என்பது இன்னும் இந்தத் தீவின் நெஞ்சில் உறுத்துகிற விஷயம்.

ஆனால் அப்படிப்பட்ட கொடுமை இங்கே அபூர்வம். பயணிகளுக்கு வழக்கமாக நடப்பது திருட்டு. போர்ட் லூயி சந்தை நெரிசலில் பர்ஸ் போகும். கிராண்ட் பே, பெரேபேர், ஃபிளிக் ஆன் ஃபிளாக் பக்கம் இருட்டிய பிறகு சந்துகளிலும் ஆளில்லாத கடற்கரையிலும் பை பறிப்பார்கள். நிலா வெளிச்சத்தில் மணலில் நடக்க ஆசை இருந்தால் ஓட்டலின் முன்பகுதியோடு நிறுத்திக்கொள்ளட்டும். அறை கேட்கும்போது மாடி அறையாகக் கேட்கச் சொல்லுங்கள். தரைத்தள அறையின் கடல் பக்கக் கண்ணாடிக் கதவைத் தாழ் போடாமல் தூங்கிவிடுவது நிறையப் பேர் செய்கிற தவறு. தனி வீடு, கம்ப்மான் (கடற்கரை பங்களா) என்று எடுத்தால் சுற்றுலா ஆணையத்தின் உரிமம் உண்டா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

மதுரையிலிருந்து அத்தையும் அத்தை மகளும் காவடிக்கு வருகிறார்கள். திருவிழா என்றால் இருக்கிற நகையெல்லாம் போடுவார்கள். சொன்னால் கோபித்துக்கொள்கிறார்கள்.
*– வாசகர், ரோஸ்ஹில்*

இதை நானும் ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். சாமிக்கு முன்னால் வெறும் கழுத்தோடு நிற்பதா என்று அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. தாலியைக் கழற்றச் சொல்ல எனக்கும் வாய் வராது. அதனால் ஒரு வழி சொல்வேன்: விரத நாட்களில் தாலியை மஞ்சள் கயிற்றில் கோத்துப் போட்டுக்கொள்ளட்டும், தாலிக்கொடி, பூட்டிய அலமாரியில் இருக்கட்டும். விரதம் இருப்பவர்களுக்கு மஞ்சள் கயிறு குறைவாகத் தெரியாது. அத்தையிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள், பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்.

ஆற்றங்கரையிலிருந்து கோவில்வரை நடக்கும்போது பால்குடம் எடுப்பவருக்கு இரண்டு கையும் தலைமேல் இருக்கும். கழுத்தை யார் தொட்டாலும் தடுக்க முடியாது. கூட நடக்கிறவர் ஒருவர் அவர் பக்கத்திலேயே வரட்டும், பையையும் அவரே வைத்துக்கொள்ளட்டும்.

அப்புறம், அன்றைக்கு வீட்டைப் பற்றியும் யோசியுங்கள். குடும்பம் மொத்தமும் கோவிலில் இருக்கும் என்று ஊருக்கே தெரியும். ஒருவர் முறைவைத்து வீட்டில் இருங்கள், இல்லையென்றால் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.

விமான நிலையத்தில் குறைந்த விலைக்கு டாக்சி என்று வந்து நிற்கிறார்கள். ஏறலாமா?
*– வாசகர், சென்னை*

வேண்டாம். உரிமம் இல்லாத அந்த வண்டிகளை இங்கே ‘டாக்சி மரோன்’ என்பார்கள். ‘மரோன்’ என்பது தப்பி ஓடி லெ மோர்ன் மலையில் ஒளிந்த அடிமைகளைக் குறித்த சொல். இப்படி ஒரு வண்டிக்குப் பெயராகிப்போனதில் எனக்கு வருத்தம் உண்டு. உரிமம் உள்ள டாக்சிக்கு வெள்ளை நம்பர் பலகையில் கறுப்பு எழுத்து இருக்கும். ஏறுவதற்கு முன்பே கட்டணம் பேசிக்கொள்ளுங்கள். வாடகைக் கார் எடுத்தால், மலைக் காட்சி முனைகளில் நிறுத்திவிட்டு இறங்கும்போது இருக்கையில் பை எதுவும் தெரியக் கூடாது.

ஃபிளிக் ஆன் ஃபிளாக்கில் குளித்துவிட்டு வந்து பார்த்தால் பையைக் காணோம். போன், பணம், அண்ணனின் இந்திய பாஸ்போர்ட் எல்லாம் போய்விட்டன. மூன்று நாளில் விமானம். போலீசுக்குப் போனால் பயணம் தடைபடும் என்று அண்ணன் பயப்படுகிறார்.
*– வாசகி, மகேபூர்*

இன்றைக்கே போங்கள். திருட்டுக் கொடுத்தவரை அதற்காக யாரும் விமானம் ஏறவிடாமல் நிறுத்துவதில்லை. 999-க்கு அழைக்கலாம், அருகிலுள்ள காவல் நிலையத்துக்கு நேரிலும் போகலாம். எங்கே, எத்தனை மணிக்கு, என்னென்ன என்று வரிசையாகச் சொல்லி, எழுதியதைப் படித்துப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். பாஸ்போர்ட் தொலைந்ததற்கு ‘மெமோ’, அதாவது போலீஸ் எழுதித் தரும் காகிதம், கேட்டு வாங்குங்கள். அதை எடுத்துக்கொண்டு போர்ட் லூயியில் உள்ள இந்தியத் தூதரகத்துக்குப் போனால் அவசரச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். அது இந்தியாவுக்குத் திரும்பும் ஒரு பயணத்துக்கு மட்டும் செல்லும். சனி, ஞாயிறு குறுக்கே வந்தால் சிக்கல், அதனால்தான் இன்றைக்கே என்கிறேன். பயணக் காப்பீட்டுக்கும் போலீஸ் காகிதம் வேண்டும். சிம்மையும் வங்கி அட்டையையும் முதல் பத்து நிமிடத்தில் முடக்கிவிடுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ‘பையை ஏன் அங்கே வைத்தாய்’ என்று வீட்டில் திட்டுவார்கள் என்பதாலேயே எத்தனையோ பேர் வெளியே சொல்லாமல் விமானம் ஏறிவிடுகிறார்கள். விருந்தாளி எப்படியும் ஒரு வாரத்தில் போய்விடுவான் என்பது திருடனுக்குத் தெரியும். அந்தத் தைரியத்தில்தான் அதே கடற்கரையில் அடுத்தவர் பையையும் எடுக்கிறான். அண்ணனைத் திட்டாதீர்கள். கூடவே போங்கள், இங்கே எல்லோரும் பேசும் கிரியோல் மொழி தெரிந்தவர் பக்கத்தில் இருந்தாலே அவருக்குப் பாதிப் பயம் போய்விடும்.

அப்பா தூக்க மாத்திரை சாப்பிடுகிறவர். கொண்டுவரலாமா?
*– வாசகர், கோவை*

தூக்க மாத்திரைக்கும் வலுவான வலி மாத்திரைக்கும் இங்கே கட்டுப்பாடு உண்டு. முன்அனுமதி தேவையா என்று கிளம்புவதற்கு முன்பே மொரீஷியஸ் தூதரகத்தில் கேளுங்கள். மருத்துவர் சீட்டோடு, மாத்திரையை அதன் அட்டையிலேயே கொண்டுவாருங்கள். போதைப்பொருள் விஷயத்தில் இங்கே சட்டம் மிகக் கடுமை. கடற்கரையில் யாராவது எதையாவது நீட்டினால் பிள்ளைகள் கையில் வாங்கவே கூடாது.

பிள்ளைகள் எங்கே கடலில் இறங்கலாம்?
*– வாசகி, டர்பன்*

திருடனைவிட எனக்குக் கடலைப் பற்றித்தான் அதிகக் கவலை. சூயாக் பக்கம் கிரி கிரியில் பவளப்பாறைத் தடுப்பு இல்லை, அலை நேராகக் கரையில் வந்து அடிக்கும். எச்சரிக்கைப் பலகை இருந்தும் படம் எடுக்க இறங்குகிறார்கள். அங்கே மேலே நின்று பார்த்துவிட்டு, ப்ளூ பேக்கு வந்து குளிக்கட்டும். பெரியவர் ஒருவர் கரையில் நின்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆம்புலன்சுக்கு எண் 114.