ஃபேன் ஓடியும் மாடு இரைப்பது ஏன்?

கேள்வி: எங்கள் ஊர் அணைக்கட்டு பக்கம். தகரக் கொட்டாயில் இரண்டு ஜெர்சி கலப்பினப் பசுக்கள். ஃபேன் போட்டும் மதியத்தில் வாயைத் திறந்து இரைக்கின்றன, பாலும் குறைந்துவிட்டது. வேப்பமரத்தடியில் கட்டினால் அடங்கிவிடுகிறது. அங்கேயும் இதே அனல்காற்றுதானே? பெரிய ஃபேன் வாங்கட்டுமா?

பதில்: வேண்டாம்மா, காசை ஃபேனில் போடாதீர்கள். கோளாறு கூரையில்.

மதியம் கொட்டாய்க்குள் நின்று உள்ளங்கையைத் தகரத்தை நோக்கிக் காட்டுங்கள், சுள்ளென்று அடிக்கும். நடுவில் ஒரு முறத்தைப் பிடியுங்கள். காற்று அப்படியேதான் இருக்கும், சூடு மட்டும் சட்டென்று நின்றுவிடும். இதுதான் கதிர்வீச்சு வெப்பம். தகரத்திலிருந்து நேராக மாட்டின் முதுகில் இறங்கும், ஃபேன் காற்றால் இதைத் தள்ளிவிட முடியாது. வேப்பிலை நீராவி விட்டுத் தன்னைக் குளிர்த்திக்கொள்வதால் காற்றைவிட அதிகம் சூடேறாது. அதனால்தான் அந்த நிழல் சுகம்.

துருப்பிடித்த தகரம் 60 டிகிரி செல்சியஸ் வரை போகும், மாட்டின் தோல் 35 டிகிரி போல இருக்கும். தகரத்தை 45க்கு இறக்கினாலே, மாடு திருப்பி விடுவது போக அதன் உடலில் நிகரமாக ஏறும் கதிர்ச்சூடு பாதிக்கும் கீழே போய்விடும்.

அப்படி இறக்க, கூரையின் மேல்பக்கம் கெட்டியாகச் சுண்ணாம்பு அடியுங்கள். வெள்ளைப் பூச்சு வெயிலைத் திருப்பி அனுப்பும், ஏறிய சூட்டையும் வானத்துக்கு நன்றாக உமிழும். பளபளக்கும் புதுத் தகரம் வெயிலைத் திருப்பினாலும் ஏறிய சூட்டை லேசில் விடாது. ஆனால் புதுத் தகரத்துக்குச் சுண்ணாம்பு ஆகாது, வெள்ளை பெயின்ட் அடியுங்கள். சுண்ணாம்பு ஒட்டக் கொஞ்சம் பசை போதும். சிலர் உப்புக் கலப்பார்கள், தகரம் சீக்கிரம் அரித்துப்போகும்.

தென்னங்கீற்று கிடைத்தால் தகரத்துக்கு மேலேயே பரப்பிக் கட்டுங்கள். உள்ளே கட்டினாலும் அந்த முறம் போலத் தடுக்கும், ஆனால் கரண்ட் ஒயர் பக்கத்தில் கூடாது. மேற்குப் பக்கம் ஒரு கோணிப் படுதா.

ஃபேன் வீணில்லை. காற்றே 40 டிகிரி என்றால் வெறும் காற்று உதவாது. முதுகை நனைத்துவிட்டு ஓடவிடுங்கள், ஈரம் ஆவியாகும்போது உடல் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். தரையில் தண்ணீர் தேங்கவிடாதீர்கள், மடிநோய் வரும்.

இவ்வளவுக்குப் பிறகும் நாக்கைத் தொங்கப்போட்டு எச்சில் ஒழுகினாலோ, உடல் சூடு 104 பாரன்ஹீட்டைத் தாண்டினாலோ 1962க்குப் போன் செய்து கால்நடை மருத்துவரை வரவழையுங்கள்.