இரவு பத்தரைக்குச் சாப்பிட்டால் எடை குறையாதா?

தம்பி, ஜவுளிக்கடை வேலை முடிந்து இரவு பத்தரைக்குத்தான் சாப்பிட முடிகிறது, அதனால்தான் இரண்டு மாதமாக எடை அசையவில்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். நேரம் மட்டுமே காரணமாக இருக்காது. 2022இல் ஸ்காட்லாந்தின் அபர்தீன் பல்கலைக்கழகம் 30 பேரை வைத்துப் பார்த்தது. மொத்தக் கலோரி ஒன்றாக இருந்தபோது, காலையில் அதிகம் சாப்பிட்டாலும் இரவில் அதிகம் சாப்பிட்டாலும் எடை ஏறக்குறைய ஒரே அளவுதான் குறைந்தது. ஆனால் காலையில் நன்றாகச் சாப்பிட்டபோது பசி அடங்கியிருந்தது.

அந்தப் பசிதான் உங்கள் சிக்கல் என்று நினைக்கிறேன். அதே ஆண்டு பாஸ்டனில் 16 பேரிடம் நடந்த இன்னொரு ஆய்வில், சாப்பாட்டைச் சுமார் நான்கு மணி நேரம் தள்ளிப்போட்டதும் பசி கூடியது. வயிறு நிறைந்த உணர்வு தரும் லெப்டின் என்ற ஹார்மோன் குறைந்தது. நீங்களோ மதியம் இரண்டு மணிக்கு மேல் வெறும் டீதான் என்கிறீர்கள். எட்டரை மணி நேரம்! அப்புறம் நான்கு பரோட்டாவும் சால்னாவும் உள்ளே போகத்தான் செய்யும். நானும் இரவு ஷிப்ட் பார்த்தவன், அந்த அகோரப் பசி எனக்குத் தெரியும்.

ஆறரை வாக்கில் ஒரு கிண்ணம் சுண்டலோ இரண்டு அவித்த முட்டையோ சாப்பிட்டுவிடுங்கள், டீயில் சர்க்கரையைக் குறையுங்கள். வீட்டுக்கு வந்ததும் மூன்று இட்லி, நிறைய சாம்பார் போதும். சாப்பிட்ட உடனே படுக்காதீர்கள், நெஞ்செரிச்சல் வரும். சர்க்கரை நோய்க்கு மாத்திரை போடுபவராக இருந்தால் மட்டும், எதையும் மாற்றுமுன் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.