செக்ரோலில் நிரை மாறாமல் கிலோ பதிய

கேள்வி: ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் செக்ரோல் (ஆட்களின் வேலை, கிலோக் கணக்குப் பதிவேடு) போடுகிறேன். எக்செல்லில் ஆளுக்கு ஒரு நிரை, நாளுக்கு ஒரு நிரல். மாதம் பாதி தாண்டினால் எந்த ஆளின் நிரையில் நிற்கிறேன் என்று தெரிவதில்லை. ஒருவர் பறித்த கொழுந்து அடுத்தவர் கணக்கில் ஏறிவிடுகிறது. நிற்கும் நிரையும் நிரலும் தானாக நிறம் காட்டுமா?

பதில்: காட்டும். கிலோ இடம் மாறினால் ஒருவரின் முழுப்பேர் (முழுநாள் சம்பளக் கணக்கு) அரைப்பேராகிவிடும், சம்பளத்தன்று சண்டைதான். அதனால் இதைச் செய்துவிடுங்கள்.

மைக்ரோசாப்ட் 365இன் புதிய பதிப்பு என்றால் வியூ டேபில் 'ஃபோகஸ் செல்' இருக்கும். அழுத்தினால் போதும். லிப்ரே ஆபிஸிலும் 24.2 பதிப்பிலிருந்து இந்த வசதி உண்டு.

பழைய எக்செல் என்றால் கண்டிஷனல் ஃபார்மட்டிங், அதாவது நிபந்தனை பொருந்தும் கட்டத்துக்கு மட்டும் நிறம் காட்டும் வசதிதான் வழி. முதல் ஆளின் பெயரிலிருந்து கடைசித் திகதியின் கடைசிக் கட்டம் வரை தெரிவு செய்து, புதிய விதியில் ஃபார்முலா போடும் வகையை எடுங்கள். நிரைக்கு மட்டும் என்றால் ஃபார்முலா சின்னது: சமக்குறி போட்டு, ரோ() = செல்("ரோ"). எல்லாம் ஆங்கில எழுத்தில்: =ROW()=CELL("row"). வெளிர் மஞ்சள் போன்ற மங்கலான நிறம் கொடுங்கள். கடும் நிறத்தில் இலக்கம் தெரியாது.

நிரலும் வேண்டுமென்றால் இதையும் COLUMN()=CELL("col") என்பதையும் நடுவில் கமா போட்டு, ஓஆர் (OR) அடைப்புக்குள் சேர்க்க வேண்டும். மேற்கோளுக்குள் சி, ஓ, எல் மூன்றெழுத்து மட்டும். முழுச் சொல்லை எழுதினால் வேலை செய்யாது. ஆனால் என்னைக் கேட்டால் தினப் பதிவுக்கு நிரை மட்டும் போதும். ஒரு நாளின் நிரலிலேயே மேலிருந்து கீழே இறங்குகிறீர்கள், தவறுவது ஆள்தான். மாத முடிவில் சரிபார்க்கும்போது நிரலையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இதில் ஒரு தொல்லை உண்டு. வேறு கட்டத்துக்கு நகர்ந்தால் நிறம் உடனே நகர்ந்து வராது, எஃப்9 அழுத்த வேண்டும். கை பழகிவிடும். அப்புறம், ஃப்ரீஸ் பேன்ஸ் போட்டுப் பெயர் நிரலை நிறுத்தி வையுங்கள். வலப்பக்கம் எவ்வளவு தள்ளிப் போனாலும் மஞ்சள் பட்டை பெயரோடு சேர்ந்தே தெரியும்.

எஃப்9 தொல்லைக்குப் பயந்து, கட்டத்துக்கு நேரடியாக நிறம் பூசும் மேக்ரோவை (எக்செல்லில் தானாக ஓடும் கட்டளைத் தொகுப்பை) யாராவது தந்தால் வாங்காதீர்கள். வேலைக்கு வராத நாளுக்கு நீங்கள் போட்ட சிவப்பை அது அழித்துவிடலாம். கன்ட்ரோல் இசட் அடித்து மீட்கலாம் என்றால் அதுவும் முடியாது. மேக்ரோ கட்டத்தில் கைவைத்ததும் எக்செல் பழைய படிகளை மறந்துவிடும். கண்டிஷனல் ஃபார்மட்டிங் அப்படியல்ல. பட்டை நகர்ந்ததும் உங்கள் சிவப்பு இருந்த இடத்திலேயே இருக்கும்.