17(ஆ) குறிப்பாணைக்கு மன்னிப்புக் கடிதம் கொடுக்கலாமா?

கேள்வி: தமிழ்நாடு அரசு அலுவலகம் ஒன்றில் இளநிலை உதவியாளராக இருக்கிறேன். முதுகுத்தண்டுச் சிகிச்சைக்காக 52 நாள் விடுப்பு எடுத்தேன். விண்ணப்பத்தையும் மருத்துவச் சான்றையும் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பியிருந்தேன். பணியில் சேர்ந்ததும், அனுமதியின்றி வரவில்லை என்று 17(ஆ) குற்றச்சாட்டுக் குறிப்பாணை கொடுத்துவிட்டார்கள். "மன்னிப்பு எழுதிக் கொடுங்க, கண்டனத்தோட முடிஞ்சிடும்" என்கிறார் கண்காணிப்பாளர். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். கண்டனத்தோடு விடுவதாக இருந்தால், தமிழ்நாடு குடிமைப் பணிகள் (ஒழுங்கு மற்றும் மேல்முறையீட்டு) விதிகளில் சிறுதண்டனைகளுக்கான 17(அ) போதும். பெருந்தண்டனைகளுக்கான 17(ஆ) பணிநீக்கம் வரை போகக்கூடியது. உங்கள் மன்னிப்பு குற்றத்தை ஒப்புக்கொண்டதாகக் கோப்பில் ஏறும்; கண்காணிப்பாளரின் வாய்ச்சொல் ஏறாது.

பதிலில் ஒவ்வொரு குற்றச்சாட்டையும் தனித்தனியே மறுத்துவிட்டு, "வாய்மொழி விசாரணை கோருகிறேன், நேரிலும் விளக்கமளிக்க விரும்புகிறேன்" என்று தெளிவாக எழுதுங்கள். பலர் நான்கு பக்கம் விளக்கம் எழுதி இந்த ஒரு வரியை விட்டுவிடுகிறார்கள். நீங்கள் கேட்டால் விசாரணை நடத்தியே ஆக வேண்டும். கேட்காவிட்டால் விளக்கத்தை வைத்தே ஆணை வந்துவிடலாம்.

அதற்கு முன், குறிப்பாணையின் இணைப்பில் உள்ள ஆவணங்கள், வருகைப் பதிவேடு, உங்கள் விண்ணப்பம் வந்து சேர்ந்த நாளுக்கான தபால் பதிவேட்டுப் பக்கம் ஆகியவற்றின் நகல்களைக் கேட்டு மனுக் கொடுங்கள். அதிலேயே கூடுதல் அவகாசமும் கேளுங்கள். விளக்கம் தர குறிப்பாணையில் கொடுத்திருக்கும் கெடு முடிவதற்குள் மனு போய்ச் சேர வேண்டும். நகல் வரட்டும் என்று பேசாமல் இருந்தால், விளக்கமே தரவில்லை என்று எழுதிவிடுவார்கள்.

உங்கள் வாதத்துக்கு அடிப்படை, கிருஷ்ணகாந்த் பி. பர்மார் வழக்கில் 2012-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது: வராமல் இருந்தது மட்டும் போதாது, வேண்டுமென்றே வரவில்லை என்பதை விசாரணையில் நிரூபிக்க வேண்டும். சான்றில் சந்தேகம் இருந்தும் உங்களை மருத்துவக் குழுவுக்கு அனுப்பவில்லை என்றால், அதையும் சேருங்கள்.

விசாரணையில் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யுங்கள். வாக்குமூலத்தைப் படித்துப் பார்க்காமல் கையெழுத்திட வேண்டாம். தண்டனைக்கு முன் விசாரணை அறிக்கையின் நகலைத் தந்து உங்கள் கருத்தைக் கேட்க வேண்டும். உச்ச நீதிமன்றத்தின் 1993-ன் கருணாகர் தீர்ப்பு அது. ஊதிய உயர்வை நிரந்தரமாகப் பாதிக்கும்படி நிறுத்துவதும் பெருந்தண்டனைதான், சிறியது என்று ஏமாந்துவிடாதீர்கள்.

இப்போதே உயர் நீதிமன்றம் போகலாமா என்றால், பயனில்லை. குறிப்பாணைக் கட்டத்தில் நீதிமன்றம் பெரும்பாலும் தலையிடாது. அதிகாரமில்லாதவர் வழங்கியிருந்தாலோ, பி.வி. மகாதேவன் வழக்கில் (2005) போல 10 ஆண்டு கழித்து வந்திருந்தாலோ கதை வேறு.

இன்றே ஒன்று செய்யுங்கள்: ஸ்பீட் போஸ்ட் ரசீதைப் பத்திரப்படுத்தி, தபால் சேர்ந்த விவரத்தை இணையத்திலிருந்து அச்செடுங்கள். அது அங்கே நெடுநாள் இருக்காது.