டாஸ் தோற்ற அணிக்கும் பந்து வேண்டும்

கேள்வி: என்.எஃப்.எல். என்ற அமெரிக்கக் கால்பந்து லீக்கின் பிளேஆஃப் (பருவ முடிவின் நாக்-அவுட்) ஆட்டங்களில், ஓவர்டைம் (சமநிலையானால் ஆடும் கூடுதல் நேரம்) விதியை 2022-இல் மாற்றினார்கள். முன்பு, முதலில் பந்தைப் பெறும் அணி டச்டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக் கோட்டுக்குள் கொண்டுசேர்த்து எடுக்கும் ஆறு புள்ளி) எடுத்தால் ஆட்டம் அங்கேயே முடியும்; இப்போது அதன் பிறகும் எதிரணிக்கு ஒரு வாய்ப்பு உண்டு என்றாகிவிட்டது. தோற்றவர்கள் அழுதார்கள் என்பதற்காக விதியை வளைப்பதா? தடுக்கத் தெரியாத அணி தோற்கத்தானே வேண்டும்? மேலும், இப்போது இரண்டாவதாக ஆடும் அணிக்கு அல்லவா சாதகம் போய்விட்டது?
- ஒரு வாசகர், டல்லாஸ்

பதில்: தடுப்பாட்டம் இந்த ஆட்டத்தின் பாதி என்பதை நான் மறுக்கவில்லை. பழைய விதியை எதிர்ப்பதே அதனால்தான். டாஸ் தோற்ற அணியின் தடுப்பு வீரர்கள் மட்டும் தேர்வு எழுத வேண்டும். டாஸ் வென்ற அணியின் தடுப்பு வீரர்கள் பெஞ்சில் உட்கார்ந்தபடியே தேறிவிடலாம். உங்கள் வாதம் இந்த இரண்டாவது கூட்டத்தைப் பற்றி வாயே திறக்கவில்லையே, ஏன்?

2022 ஜனவரி 23 அன்று கான்சஸ் சிட்டியில், அந்த ஊர் அணியும் பஃபலோவும் மோதிய பிளேஆஃப் ஆட்டத்தைப் பாருங்கள். கடைசி இரண்டு நிமிடத்துக்குள் இரு அணிகளும் சேர்ந்து 25 புள்ளிகள் குவித்தன. ஆட்டம் முடிய 13 விநாடிகள் இருந்தபோது பஃபலோ முன்னிலையில் இருந்தது. அந்த 13 விநாடிகளில் கான்சஸ் சிட்டியின் குவார்ட்டர்பேக் (தாக்குதலை நடத்தும் வீரர்) பேட்ரிக் மஹோம்ஸ் தன் அணியை முன்னே நகர்த்தி, ஒரு ஃபீல்டு கோலுக்கு (கம்பங்களுக்கு இடையே உதைத்து எடுக்கும் மூன்று புள்ளி) வழி செய்தார். 36-36. ஓவர்டைம் டாஸில் பஃபலோவின் குவார்ட்டர்பேக் ஜாஷ் ஆலன் பூ கேட்டார், தலை விழுந்தது. கான்சஸ் சிட்டி 75 யார்டு முன்னேறி டச்டவுன் எடுத்தது. ஆட்டம் முடிந்தது. பஃபலோவின் தடுப்பு உடைந்தது உண்மை. ஆனால் கான்சஸ் சிட்டியின் தடுப்பும் அதே கடைசி இரண்டு நிமிடத்தில் ஆலனிடம் இரண்டு டச்டவுன்களை விட்டிருந்தது. மூன்றாவதையும் விட்டிருக்குமா? அதைத் தெரிந்துகொள்ளும் வழியை ஒரு நாணயம் அடைத்துவிட்டது. தாக்குவதற்கு 11 பேர், தடுப்பதற்கு வேறு 11 பேர் என்று பிரிந்திருக்கும் விளையாட்டில், பந்து வராவிட்டால் குவார்ட்டர்பேக்கால் செய்யக்கூடியது எதுவுமே இல்லை.

'தோற்றவர்கள் அழுதார்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 2010 ஜனவரியில் மின்னசோட்டா, நியூ ஆர்லியன்ஸிடம் ஓவர்டைமில் பந்தையே தொடாமல் ஒரு ஃபீல்டு கோலில் தோற்றது. அதன் பிறகு மார்ச்சில் பிளேஆஃப் விதியைத் திருத்த அணி உரிமையாளர்கள் 28-4 என்று வாக்களித்தார்கள். எதிர்த்த நால்வரில் மின்னசோட்டாவும் உண்டு, பஃபலோவும் உண்டு! 2019-இல் மஹோம்ஸுக்குப் பந்து வராமலே நியூ இங்கிலாந்திடம் தோற்ற கான்சஸ் சிட்டி மாற்றம் கேட்டது. போதிய ஆதரவு கிடைக்கவில்லை. மூன்று ஆண்டுகள் கழித்து, தான் மாற்றச் சொன்ன அதே விதியால் அந்த அணி ஜெயித்தது. 2022-இல் நிறைவேறிய திருத்தத்தைக் கொண்டுவந்தவை இண்டியானாபொலிஸும் ஃபிலடெல்பியாவும். அந்த ஜனவரி ஆட்டத்துக்கும் இந்த இரண்டு அணிகளுக்கும் சம்பந்தமே இல்லை. 32 உரிமையாளர்களில் 29 பேர் ஆதரித்தார்கள். அழுகைக்கு இரங்கி விழும் எண்ணிக்கையா இது?

அவர்கள் முன்னால் வைக்கப்பட்ட கணக்கு: 2010 திருத்தத்துக்குப் பிந்தைய 12 பிளேஆஃப் ஓவர்டைம்களில் 10-ஐ டாஸ் வென்ற அணியே வென்றது, அதில் ஏழு முதல் வாய்ப்பிலேயே டச்டவுனோடு முடிந்தவை. பன்னிரண்டு ஆட்டம் சிறிய எண்ணிக்கை என்பதை ஒப்புக்கொள்கிறேன். கணக்கு 6-6 என்று இருந்திருந்தாலும் என் நிலைப்பாடு மாறாது. இரு தரப்பும் ஒரே சோதனைக்கு உட்பட வேண்டும் என்பதற்குப் புள்ளிவிவரத்தின் சிபாரிசு தேவையில்லை.

முதல் புள்ளியோடு முடிவு என்ற பழைய முறை ஒரு காலத்தில் பொருந்தியது. 1958 சாம்பியன்ஷிப் ஆட்டத்தில் டாஸ் வென்று பந்தைப் பெற்றது நியூயார்க், முன்னேற முடியாமல் உதைத்துக் கொடுத்தது, பால்டிமோர் வென்றது. பிறகு உதைப்பவர்களின் திறன் வளர்ந்தது. பாதி மைதானத்தைச் சற்றுத் தாண்டினாலே மூன்று புள்ளி என்ற நிலை வந்தது. 2010 திருத்தம் அந்த ஃபீல்டு கோல் ஓட்டையை மட்டும் அடைத்து, டச்டவுன் கதவைத் திறந்தே விட்டது. அரைகுறை வேலை. அதற்கு விலை கொடுத்த அணிகளில் அட்லாண்டாவும் ஒன்று: 2017 சூப்பர் பௌல் இறுதிப் போட்டியில், அந்தப் பருவத்தின் சிறந்த வீரர் மேட் ரயன் ஓவர்டைம் முழுவதும் ஓரத்தில் நின்றார். 28-3 என்ற முன்னிலையைக் கோட்டைவிட்டது அவர்கள் குற்றம். ஓவர்டைமில் பந்து வராதது அவர்கள் குற்றமா?

இனி உங்கள் கடைசிக் கேள்வி. இதில் நியாயம் இருக்கிறது. இரண்டாவதாக ஆடுபவருக்குத் தேவை என்ன என்பது தெரியும். 2024 பிப்ரவரியில் லாஸ் வேகாஸ் சூப்பர் பௌலில் டாஸ் வென்ற சான் ஃபிரான்சிஸ்கோ பந்தைக் கேட்டு வாங்கி, நான்காவது டவுனில் (பத்து யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் கடைசி) ஃபீல்டு கோல் உதைத்து மூன்று புள்ளி எடுத்தது. கான்சஸ் சிட்டி தன் பாதியிலேயே நான்காவது டவுனில் ஒரு யார்டுக்காகத் துணிந்தது. துணியாவிட்டால் தோல்வி என்று அதற்குத் தெரியும். மஹோம்ஸே ஓடி அந்த யார்டை எடுத்தார், டச்டவுனும் வந்தது, 25-22. ஆனால் சான் ஃபிரான்சிஸ்கோ பயிற்சியாளர் கைல் ஷானஹன் கண்ணை மூடிக்கொண்டு பந்தை வாங்கவில்லை. இரு அணிகளும் சமமாக முடித்தால் மூன்றாவது வாய்ப்பு தமக்கு வரும், அப்போது முதல் புள்ளியே வெற்றி என்பது அவர் கணக்கு. எதிரணியோ இந்த விதியைப் பருவத் தொடக்கத்திலிருந்தே பேசித் தயாராகி வந்திருந்தது; சான் ஃபிரான்சிஸ்கோ வீரர்கள் சிலர், விதி மாறியதே தெரியாது என்று ஆட்டம் முடிந்தபின் சொன்னார்கள். சாதகம் எந்தப் பக்கம் என்று பயிற்சியாளர்களே இன்னும் வாதாடுகிறார்கள். டாஸ் வென்றவன் யோசித்து முடிவெடுக்க வேண்டிய நிலை வந்திருப்பதே எனக்குப் பிடித்திருக்கிறது.

எனக்குள்ள குறை அந்த மூன்றாவது வாய்ப்பில்தான். அங்கே மறுபடியும் ஒரு தரப்பு பந்தைத் தொடாமல் தோற்கலாம். வாய்ப்புகள் இணை இணையாகவே தொடர வேண்டும் என்பேன். வழக்கமான பருவ ஆட்டங்களுக்கு இந்த விதி வந்து சேரவே 2025 ஏப்ரல் ஆயிற்று. அதுவும் பத்தே நிமிட ஓவர்டைமோடு. முதல் அணி ஏழெட்டு நிமிடத்தை விழுங்கிவிட்டால் இரண்டாவது அணிக்கு மிஞ்சுவது என்ன? உங்கள் கோபத்தை அங்கே திருப்புங்கள்.