புழல் ஏரியின் இரண்டு படங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இதழியல் முதுகலை படிக்கிறேன். சுற்றுச்சூழல் பற்றிய இணையக் கட்டுரைகளில் எழுத்தோடு காணொளி, ஒலி, வரைபடம் எல்லாம் சேர்த்துச் சொல்லும் முறையை மதிப்பிடுவது எங்கள் வகுப்புப் பணி. காணொளி உண்டா, ஒலி உண்டா, வாசகர் தொட்டு நகர்த்த ஏதேனும் உண்டா என்று ஒரு மதிப்பெண் பட்டியல் தயாரித்தோம். 2019 சென்னைத் தண்ணீர்ப் பஞ்சத்தின்போது பரவிய புழல் ஏரியின் இரண்டு செயற்கைக்கோள் படங்களுக்கு, நடுக்கோட்டை இழுத்தால் நிறைந்த ஏரி வறண்ட ஏரியாக மாறுமே, அதற்கு, எல்லோரும் முழு மதிப்பெண் போட்டார்கள். எனக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. ஏன் என்று சொல்லவும் தெரியவில்லை. இவையெல்லாம் வெறும் அலங்காரம்தானா? எதை வைத்து எடைபோடுவது?

ஒரு மாணவி, மதுரை

அன்புள்ள மாணவிக்கு,

அலங்காரம் என்று ஒதுக்கிவிட முடியாது. ஆனாலும் உங்கள் மனம் ஒப்பாததில் நியாயம் இருக்கிறது. புழலிலிருந்தே தொடங்குகிறேன்.

அந்தப் படங்களில் ஒன்று 2018 ஜூன் 15-ல் எடுத்தது, மற்றது 2019 ஏப்ரல் 6-ல் எடுத்தது. இரண்டும் உண்மையானவை. விரலால் கோட்டை இழுக்கும்போது தண்ணீர் விலகி மண் தெரிவதைப் பார்த்து நெஞ்சு பதறாதவர் இருக்க முடியாது. உலகப் பத்திரிகைகள் பலவும் வெளியிட்டன, சென்னையின் துயரம் வெளியே தெரிந்தது. அந்த நன்மையை நான் மறுக்கவில்லை. ஆனால் அவை சொல்லும் கதை என்ன? நேற்று நிறைந்திருந்த ஏரி இன்று காணாமல் போய்விட்டது என்பது. நடந்தது அதுவல்ல. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியது. 2016-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது, 2017 கோடையில் ஏரிகள் வறண்டன. 2018-ல் மறுபடியும் பருவமழை பொய்த்தது, 2019-ல் மறுபடியும் வறட்சி. நாலே ஆண்டுகளில் ஒரு வெள்ளமும் இரண்டு வறட்சியும் கண்ட நகரம் அது. கோட்டின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒவ்வொரு படம் மட்டும் இருந்தால் இந்த ஏற்ற இறக்கம் முழுவதும் நடுவில் விழுந்து தொலைந்துபோகிறது. வாசகர் மழையைக் குறை சொல்லிவிட்டுப் போவார். பெய்த நாளில் அந்த மழையை எங்கே தேக்கினோம், பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தில் குப்பையைக் கொட்டியது யார் என்று கேட்கமாட்டார்.

இதே விஷயத்தை வேறு விதமாகக் காட்டலாம். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளின் அன்றைய இருப்பைச் சென்னைக் குடிநீர் வாரியம் நாள்தோறும் வெளியிடுகிறது. நான்கின் மொத்தக் கொள்ளளவு அப்போது 11,257 மில்லியன் கன அடி. 2015 முதல் 2019 வரை அந்த இருப்பை ஒரே கோடாக வரைந்துபாருங்கள். ஏறி, விழுந்து, அரைகுறையாக ஏறி, மறுபடி விழும் கோடு. இழுப்பதற்கும் தொடுவதற்கும் அதில் ஒன்றுமில்லை. உங்கள் பட்டியலில் அதற்கு மதிப்பெண்ணே கிடைக்காது. ஆனால் நடந்தது என்ன என்பது அதில்தான் இருக்கிறது. கோளாறு உங்கள் பட்டியலில்தான் இருக்கிறது. என்னென்ன இருக்கிறது என்று அது எண்ணுகிறது. ஒவ்வொன்றும் எதற்குச் சாட்சி சொல்கிறது என்று கேட்பதில்லை.

2019 ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் தண்ணீர் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. 200 கிலோமீட்டருக்கு மேல் ரயிலில் வரும் குடிநீர்! எந்தப் படப்பிடிப்பாளர்தான் விடுவார்? வேகன் வேகனாக நீளும் அந்தக் காட்சியைப் பார்த்தவர்களுக்கு நகரத்தின் தாகமே தீர்ந்துவிட்டது போலிருந்தது. வந்த தண்ணீர் 25 லட்சம் லிட்டர். பஞ்சத்தில் வெட்டிச் சுருக்கிய பிறகும் நகரத்துக்கு வாரியம் கொடுத்துவந்தது நாளொன்றுக்கு 52.5 கோடி லிட்டர். அதாவது ரயில் கொண்டுவந்தது இருநூறில் ஒரு பங்குகூட இல்லை. காணொளியின் ஓரத்தில் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டிருந்தால் போதும், அது செய்தியாகியிருக்கும். சுற்றுச்சூழல் செய்தியில் காட்சி பெரும்பாலும் இப்படித்தான் அளவை விழுங்கிவிடுகிறது. நான் முதலில் தேடுவது அளவைத்தான்.

நன்றாகச் செய்தவர்களும் உண்டு. 2015 அக்டோபரில் நியூயார்க் டைம்ஸ் கிரீன்லாந்து பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டது. திரையை நகர்த்த நகர்த்த, விண்ணிலிருந்து பார்த்த பனிப்பரப்பிலிருந்து இறங்கிக்கொண்டே வந்து, ஒரு நீல ஆற்றின் கரையில் நிற்கும் சில கூடாரங்களில் முடிகிறோம். வித்தைதான். ஆனால் வித்தை அங்கே வேலை செய்கிறது: அந்த வெண்மைக்கு நடுவில் மனிதர்கள் எவ்வளவு சிறியவர்கள் என்பதை எழுத்தால் அவ்வளவு விரைவாக உணர்த்த முடியாது. அதைவிட எனக்குப் பிடித்தது அடுத்த பகுதி. ஆற்றின் குறுக்கே கயிறு கட்டி, அதில் ஒரு கருவியைக் கரைக்குக் கரை இழுத்து, உருகி ஓடும் நீரின் அளவை மணிக்கு ஒருமுறை என்று மூன்று நாள் இரவு பகலாக ஆய்வாளர்கள் அளக்கிறார்கள். சற்றுத் தள்ளி அந்த ஆறு பனியிலுள்ள ஆழ்துளைக்குள் விழுகிறது. தவறி விழுந்தவர் பிழைக்கமாட்டார். கிரீன்லாந்துப் பனி முழுவதும் உருகினால் கடல்மட்டம் சுமார் 7 மீட்டர் உயரும் என்று எங்கும் படிக்கிறோம். அப்படிப்பட்ட கணக்குகளுக்கு வேண்டிய அளவுகள் எத்தனை உழைப்பில் கிடைக்கின்றன என்று அங்கே கண்ணால் பார்க்கிறோம். சரிந்து விழும் பனிப்பாறையை ஆயிரம் முறை காட்டுவதைவிட இது மேல்.

பார்வை எண்ணிக்கையை அளவுகோலாக்க வேண்டாம். இந்த வகை எழுத்துக்கு வழிகாட்டியாகச் சொல்லப்படும், அதே நியூயார்க் டைம்ஸின் 2012-ஆம் ஆண்டுப் பனிச்சரிவுக் கட்டுரை (‘Snow Fall’) ஒரு வாரத்துக்குள் 35 லட்சம் பார்வைகளைத் தாண்டியது. அது சிறந்த கட்டுரைதான், அதை இந்த எண் நிரூபிப்பதில்லை. இன்னொன்று, மலிவான போனிலும் விட்டுவிட்டு வரும் சிக்னலிலும் பக்கம் திறக்கிறதா என்று பாருங்கள். பாதிக்கப்பட்ட ஊர்க்காரரால் திறக்க முடியாத கட்டுரை யாருக்காக?

கடைசியாக, காட்சிக்கே வராதவற்றை எப்படிக் காட்டியிருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பக்கம் பல பத்தாண்டுகளாக நிலத்தடி நீரை உறிஞ்சியதில் கடல்நீர் மண்ணுக்கடியில் உள்ளே வந்துவிட்டது. மேலே நின்று படமெடுத்தால் தெரிவது ஒரு கிணறு மட்டுமே. மண்ணின் குறுக்குவெட்டுப் படம், ஆண்டுவாரியாக உப்பு எதுவரை வந்தது என்ற கோடு, அந்தத் தண்ணீரை வாயில் வைத்துப் பார்த்த விவசாயியின் சொந்தக் குரல் என்று யாராவது சேர்த்துத் தந்தால், நான் அதற்குத்தான் முழு மதிப்பெண் போடுவேன்.

உங்கள் வகுப்பில் ஒன்று செய்துபாருங்கள். பாதிப் பேருக்குப் புழலின் இரண்டு படங்களை மட்டும் காட்டுங்கள், மீதிப் பேருக்கு நான்கு ஏரிகளின் கோட்டையும் சேர்த்துக் காட்டுங்கள். ஒரு வாரம் கழித்து, ஏரி ஏன் வற்றியது என்று இரு தரப்பையும் எழுதச் சொல்லுங்கள். என்ன எழுதினார்கள் என்று எனக்கும் அனுப்புங்கள்.

அன்புடன்.