சைக்கிள் பாதை சாலையைக் கடக்கும் இடத்தில் வேகக் குறைப்பு மாற்றங்கள் பாதுகாப்பைக் கூட்டுமா?

கூட்டும், வாகன வேகம் உண்மையிலேயே குறைந்தால். 50 கி.மீ. வேகத்தில் வரும் கார் நிற்க, உலர்ந்த சாலையிலும் சுமார் 28 மீட்டர் ஆகும், 30 கி.மீ. என்றால் 13 மீட்டர் போதும். பலகையும் பெயிண்ட்டும் மட்டும் இதைச் சாதிக்காது. கடக்கும் இடத்தையே 10 செ.மீ. அளவுக்கு மேடாக்கி, திருப்பத்தின் வளைவையும் இறுக்க வேண்டும். சரிவு மிக மென்மையாக இருந்தால் ஓட்டுநர் பிரேக்கைத் தொடவே மாட்டார். மேட்டின் அடியில் மழைநீர் தேங்காதபடி வடிகாலும் வேண்டும். பலரும் மறப்பது இதைத்தான்.

இருவழிச் சைக்கிள் பாதைதான் அதிக ஆபத்து. பக்கச் சாலையிலிருந்து திரும்புபவர் கார்கள் வரும் திசையையே பார்ப்பார். மறுபக்கம் வரும் சைக்கிள் கண்ணில் படாது. மேடு அவரை நிதானிக்க வைத்து, இருபுறமும் பார்க்க நேரம் தருகிறது. சைக்கிளை மெதுவாக்க நடுவில் தூண் நடுவது மட்டும் வேண்டவே வேண்டாம்: சைக்கிள் ஓட்டுபவரின் கவனம் காரை விட்டுத் தூணுக்குப் போய்விடும்.